எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டால் அபராதமா?

அந்தக் கப்பல் 2020 மார்ச் 1ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. பினாங்கு, புக்கெட் இரண்டையும் தொட்டுவிட்டு 5ஆம் தேதி பத்திரமாகத் திரும்பி வந்தது. அதில் போயிருக்க வேண்டிய திருச்சித் தம்பதி மட்டும் ஏறவில்லை. கொரோனா பரவலால் அவசியமில்லாத சிங்கப்பூர் பயணத்தைத் தவிர்க்கும்படி இந்திய அரசு சொன்னது; அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கப்பலுக்கென்று முன்கூட்டியே கட்டியிருந்த 1,12,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பாது என்று நிறுவனம் கைவிரித்தது.

நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளில் தொகையால் இது சின்ன வழக்குதான். ஆனால் இதில் எழுந்த கேள்வி சின்னதல்ல. அரசின் எச்சரிக்கையை மதித்து வீட்டிலேயே இருந்துவிட்ட குடிமகன், அதற்கான விலை முழுவதையும் தன் மடியிலிருந்தே கொடுக்க வேண்டுமா?

கணவர் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலைப் பக்கம் சொந்த வீடு. மனைவிக்குச் சர்க்கரை, கூடவே ஆஸ்துமா. கப்பல் பயணம் அந்த அம்மாவின் ஆசை. "இவர் ராத்திரி பகல் பார்க்காம ஊரெல்லாம் ரயில் ஓட்டினாரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போனதுன்னு சொன்னா வேளாங்கண்ணி, ராமேஸ்வரம். அவ்வளவுதான் வக்கீலம்மா" என்றார். ஓய்வூதியப் பலன்களில் ஒரு பகுதியை எடுத்து, உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றின் மூலம் நான்கு இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள்.

எச்சரிக்கை வந்தது பிப்ரவரி 22, சனிக்கிழமை. மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் நடந்த ஆய்வுக் கூட்டத்துக்குப் பிறகு, சிங்கப்பூருக்கு அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சிங்கப்பூரே தன் நோய் எச்சரிக்கை நிலையைப் பிப்ரவரி 7ஆம் தேதி ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் செய்தியைப் பார்த்த கணவர், திங்கட்கிழமை டிராவல்ஸுக்குப் போனார். "கப்பல் போகுது சார். நீங்க போகலன்னா அது உங்க இஷ்டம். பதினாலு நாளுக்குள்ள ரத்து பண்ணினா முழுப் பணமும் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை விமானம்.

"சட்டம் என்ன சொல்லுதும்மா? போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார் பெரியவர்.

சட்டம் போகாதே என்று சொல்லவில்லை என்பதை முதலில் விளக்கினேன். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழோ, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழோ பிறப்பிக்கப்பட்ட தடையாணை அல்ல இது. விமான நிலையத்தில் யாரும் அவர்களைத் தடுக்கப் போவதில்லை. விமானம் ஓடுகிறது, கப்பலும் ஓடுகிறது. அரசு ஆலோசனை சொல்லியிருக்கிறது; முடிவை மக்களிடம் விட்டிருக்கிறது.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பல பக்கம். பயணத்தை ரத்து செய்தால் எந்தக் காரணங்களுக்குப் பணம் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் இருந்தது: பயணியின் நோய், நெருங்கிய உறவினரின் மரணம், வீட்டில் தீ விபத்து. அரசின் எச்சரிக்கை அதில் இல்லை. சில பக்கம் தள்ளி, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற இன்னொரு பட்டியல். அரசு தவிர்க்கச் சொன்ன இடத்துக்குப் போய் அதனால் ஏற்படும் மருத்துவச் செலவு அதில் இருந்தது. எச்சரிக்கையை மதித்து வீட்டிலிருந்தால் நஷ்டத்துக்குக் காப்பீடு இல்லை. மீறிப் போனால் நோய்க்குக் காப்பீடு இல்லை. ஒரே ஆவணம் இரண்டு பக்கமும் கதவை அடைத்திருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, அந்த இரண்டு பக்கங்களையும் தானே மறுபடி வாசித்தார்.

போவதா வேண்டாமா என்று வக்கீல் சொல்லக்கூடாது. ஆனால் முடிவெடுப்பதற்கு வேண்டிய கேள்விகளைக் கேட்கலாம். கேட்டேன். எத்தனை நாளுக்கு மருந்து எடுத்துப் போகிறீர்கள்? பத்து நாளைக்கு. எந்த அறை? அந்த அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டிராவல்ஸ் கொடுத்த கப்பல் வரைபடம். அவர்கள் அறையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். நடைபாதைக்கு உட்புறம் இருந்தது அது. இரண்டு கட்டில், ஒரு குளியலறை, சன்னல் கிடையாது. அதுதான் விலை குறைந்த அறை. "பகல்ல மேல்தளத்துலதானே இருக்கப்போறோம், தூங்க மட்டும்தானேன்னு எடுத்தோம்" என்றார்.

அன்றைய தேதியில் உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த கப்பல், யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ். பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர் இருந்த கப்பல். நோய் கண்டவர்களின் எண்ணிக்கை அதற்குள் அறுநூறைத் தாண்டிவிட்டது. கடைசியில் 712இல் போய் நின்றது. 138 இந்தியர்கள் அதில் இருந்தார்கள். 132 பேர் ஊழியர்கள், 6 பேர் பயணிகள். பயணிகள் இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சன்னல் இல்லாத அறைகளில் இருந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கொஞ்ச நேரம் மேல்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். வெஸ்டர்டாம் என்ற இன்னொரு கப்பலில் நோயே உறுதியாகாத நிலையில், நாடு நாடாகத் துறைமுகங்கள் அதைத் திருப்பியனுப்பின. கடைசியில் பிப்ரவரி 13ஆம் தேதி கம்போடியாதான் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த அம்மா வரைபடத்திலிருந்த சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "என்னங்க, எனக்கு மூச்சு திணறினா வீட்டுல சன்னலைத் திறந்து விடுவீங்க. இங்க எதைத் திறப்பீங்க?" போவதில்லை என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது. நோயைக் கண்டு அரண்டுபோய் எடுத்த முடிவு அல்ல அது. தன் உடம்பையும் அந்த அறையையும் தெரிந்த ஒருவர் யோசித்து எடுத்த முடிவு.

அன்று மாலையே ஒரு கடிதம் எழுத வைத்தேன். எந்தக் காரணத்தால் போகவில்லை, அரசின் எச்சரிக்கை என்ன தேதியில் வந்தது, மனைவியின் மருத்துவ நிலை என்ன என்பதை வரிசையாகச் சொல்லி, செய்தியின் நகலையும் மருத்துவரின் சீட்டையும் இணைத்து, இரண்டு கோரிக்கைகள் வைத்தோம். தேதியை மாற்றித் தாருங்கள். முடியாதென்றால் உங்களுக்கு ஆன உண்மையான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாருங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பினோம், பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். வழக்கில் பின்னால் எங்களுக்குப் பெரிய பலமாக நின்றது இந்தக் கடிதம்தான். கப்பல் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னதாகவே அறை காலி என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வரியில் பதில் வந்தது. விதிமுறைப்படி முழுத் தொகையும் பறிமுதல். ஒரு வாரம் கழித்து அதே நிறுவனம், இனிவரும் பயணங்களுக்குக் கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை அறிவித்தது. மார்ச் 1 பயணத்துக்கு அது பொருந்தாதாம்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு புகாரைத் தயார் செய்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20ஆம் தேதி நடைமுறைக்கு வந்திருந்தது. புதிய சட்டத்தில் இவர்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வசதிகள். நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; எதிர்த்தரப்பின் அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

எந்த அடிப்படையில் வழக்கைக் கொண்டுபோவது என்பதில்தான் யோசனை. ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 1954இல் சத்யபிரதா கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விரிவான பொருள் கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் கப்பல் கிளம்பிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்று சொன்னால் முதல் வாய்தாவிலேயே அடிபடும். இன்னொரு வழி, விதிமுறையையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கச் சொல்வது. புதிய சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. எழுபதை நெருங்கும் இருவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியூருக்கு அலைய வைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே மாவட்ட ஆணையத்தில், சேவைக் குறைபாடு என்றும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் புகாரை அமைத்து, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டேன். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது அந்தப் பிரிவு. 1963இல் ஃபத்தே சந்த் வழக்கும் 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கும் அதை உறுதி செய்திருக்கின்றன. நஷ்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்க முடியுமென்றால் நிரூபித்தாக வேண்டும். வாக்குறுதிக்கு அடையாளமாகக் கொடுக்கும் முன்பணத்தை நிறுத்திவைப்பது ஒன்று. முழு விலையையும் விழுங்குவது வேறு.

இதில் ஒரு நன்மை இருந்தது. என் கட்சிக்காரர்கள் ஒப்பந்தத்திலிருந்து தாமாக விலகினார்கள் என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை. ஆம், விலகினோம். அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம், காட்டுங்கள் என்பதுதான் எங்கள் வழக்கு.

நிறுவனத்தின் ரசீதை எல்லோரும் ஒரே தொகையாகத்தான் பார்த்திருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வரிகள். கப்பல் கட்டணம் 86,000 ரூபாய். துறைமுக வரிகளும் கட்டணங்களும் 17,500. கப்பல் ஊழியர்களுக்கான சேவைத் தொகை 8,500. கப்பலில் ஏறாத ஆளுக்காக எந்தத் துறைமுகத்துக்கு வரி கட்டினீர்கள்? விரிக்காத படுக்கையை விரித்த ஊழியர் யார்? இந்த இரண்டு தொகைகளைப் பற்றியும், அந்த அறை வேறு யாருக்காவது விற்கப்பட்டதா என்பதைப் பற்றியும் எழுத்துப்பூர்வமாகக் கேள்விகள் அனுப்பினேன். பதிலாக வந்தது விதிமுறைப் புத்தகத்தின் நகல். நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அதை என் கட்சிக்காரர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. டிராவல்ஸ் கொடுத்த ஒற்றைத் தாளின் அடியில் ஓர் இணைய முகவரி மட்டும் அச்சாகியிருந்தது.

பெருந்தொற்றால் வாய்தாக்கள் தள்ளிக்கொண்டே போயின. வாதம் தொடங்கியபோது சென்னையிலிருந்து வந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் நல்ல தயாரிப்போடு வந்திருந்தார். அவர் எடுத்து வைத்த ஆங்கிலேயத் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவையொட்டி 1902 ஜூன் மாதம் கடற்படை அணிவகுப்பு நடக்க இருந்தது. அதைக் காட்டவும், கப்பல்களைச் சுற்றிவரவும் ஹட்டன் என்பவர் ஹெர்ன் பே நிறுவனத்திடம் 250 பவுண்டுக்கு நீராவிக் கப்பல் ஒன்றை வாடகைக்குப் பேசி, 50 பவுண்டு முன்பணம் கட்டினார். மன்னர் நோயில் விழுந்தார், அணிவகுப்பு ரத்தானது. ஆனால் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு அங்கேயே நின்றன. சுற்றிவரும் பயணம் சாத்தியமாகவே இருந்தது, ஆகவே ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே விழாவுக்காக ஊர்வலம் பார்க்க அறை எடுத்திருந்தவரின் வழக்கில், அதே ஆண்டில், அதே நீதிமன்றம் ஒப்பந்தம் முடிந்துபோனது என்றது. "கடல் இருந்தது, கப்பல் இருந்தது, பயணம் நடந்தது. இவர்கள் ஹட்டனைப் போலத்தான்" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

ஹட்டன் டிக்கெட் விற்று லாபம் பார்க்கக் கப்பல் எடுத்தவர், லாப நஷ்டம் அவருடைய வியாபாரம் என்று பதில் சொன்னேன். என் கட்சிக்காரர்கள் விலைப்பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாத நுகர்வோர். அதோடு, ஒப்பந்தம் முடிந்துபோனது என்று நான் கேட்கவே இல்லை. எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி. பேரம் பேசும் வலு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் ஒப்பந்தங்களைப் பற்றி 1986இல் சென்ட்ரல் இன்லண்ட் வாட்டர் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் வழக்கிலும், ஒருதலையான ஒப்பந்த விதி நியாயமற்ற வணிக நடைமுறையே என்று 2019இல் பயனியர் அர்பன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றைப் படித்துக் காட்டினேன்.

அப்போது ஆணையத் தலைவர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவரை நேராகவே கேட்டார்: "கப்பல் போய்ட்டுப் பத்திரமா திரும்பி வந்துடுச்சே. நீங்களும் போயிருக்கலாமே?"

பெரியவர் எழுந்து நின்றார். "ஐயா, நான் எஞ்சின் டிரைவர். சிவப்பு விழுந்தா வண்டிய நிறுத்தணும். பச்சைன்னா போகலாம். ஒத்த மஞ்சள் விழுந்தா, அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா வேகத்தைக் குறைக்கணும். அடுத்த சிக்னல் பச்சையாவே இருந்திருக்கலாம். அது முன்னாடி தெரியாது. மஞ்சளைப் பார்த்து வேகம் குறைச்சதால வண்டி லேட் ஆச்சுன்னு எந்த டிரைவர் சம்பளத்துலயும் பிடிக்க மாட்டாங்க. அரசாங்கம் எங்களுக்கு மஞ்சள் போட்டுச்சு. நான் குறைச்சேன். எனக்கு எதுக்குங்க அபராதம்?"

நான் பல பக்கம் எழுதிக் கொடுத்திருந்த எழுத்துவாதத்தின் சாரத்தை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

நான் வேண்டுமென்றே எடுக்காத ஒரு வாதமும் உண்டு. அவர்கள் போகாத கப்பல் திரும்பிய மறுநாள், மார்ச் 6ஆம் தேதி, கோஸ்டா ஃபார்ச்சுனா என்ற கப்பலைப் புக்கெட் திருப்பியனுப்பியது, பினாங்கும் ஏற்கவில்லை, 10ஆம் தேதி அது சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தது. கப்பல் பயணம் போக வேண்டாம், குறிப்பாக நோய் உள்ளவர்கள் போகவே வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மார்ச் 8ஆம் தேதி தன் மக்களுக்குச் சொன்னது. 13ஆம் தேதி சிங்கப்பூர் எல்லாப் பயணக் கப்பல்களுக்கும் துறைமுகத்தை மூடியது. இதையெல்லாம் அடுக்கி, பார்த்தீர்களா, இவர்கள் பயந்தது சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் ஜூனியர் அதைத்தான் எழுதிக்கொண்டு வந்தார். நான் எடுத்துவிட்டேன். பின்னால் நடந்ததை வைத்து அவர்கள் முடிவு சரி என்று வாதிட்டால், பின்னால் எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் அது தவறு என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். முடிவெடுத்த நாளில் ஒருவருக்கு என்ன தெரியும், அதை வைத்து நியாயமாக யோசித்தாரா என்பதுதான் அளவுகோல். பிப்ரவரி 25ஆம் தேதி அந்த அம்மாவுக்குத் தெரிந்தவை போதும்: அரசின் வார்த்தை, யோகோஹாமா, தன் நுரையீரல், சன்னலில்லாத அறை.

தீர்ப்பு 2023இன் நடுவில் வந்தது. துறைமுக வரிகளும் ஊழியர் சேவைத் தொகையும் முழுவதுமாகத் திரும்ப வேண்டும். தராத சேவைக்கும் கட்டாத வரிக்கும் பணம் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமையில்லை. கப்பல் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை நிர்வாகச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்; நஷ்டம் எவ்வளவு என்பதற்கு நிறுவனம் ஒரு காகிதமும் தாக்கல் செய்யாததால் அதற்கு மேல் இல்லை. ஆக 94,800 ரூபாய், வட்டியோடு. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தொகை. டிராவல்ஸும் நிறுவனமும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. அரசின் ஆலோசனை தடையாணை இல்லைதான். ஆனால் அதை மதித்து உரிய நேரத்தில் எழுத்தில் தெரிவித்த பயணியையும், காரணமில்லாமல் வராமல்போன பயணியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்ற பொருளில் ஆணையம் எழுதியிருந்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் பணத்தைக் கட்டியது.

முழுத் தொகையும் வரவில்லையே என்று பெரியவரின் மகன் என்னிடம் ஆதங்கப்பட்டார். எனக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கில் வருத்தமில்லை. பதிவு செய்வதற்கும் இடத்தை ஒதுக்கி வைப்பதற்கும் நிறுவனத்துக்கும் செலவு உண்டு. எச்சரிக்கை நிறுவனத்தின் தவறால் வந்ததும் அல்ல. யாரும் செய்யாத தவறால் விளைந்த நஷ்டத்தை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம். ஒரே தரப்பின் தலையில் முழுவதையும் கட்டுவதை எதிர்த்துத்தான் நாங்கள் போனோம்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ரூபி பிரின்சஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2020 மார்ச் 8ஆம் தேதி சிட்னியிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலின் பயணத்தோடு 28 மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. புறப்படும் முன் நிறுவனத்துக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதைப் பரிசீலித்த நீதிமன்றம், பயணிகள் மீது காட்ட வேண்டிய கவனத்தில் நிறுவனம் தவறியது என்று கண்டது. டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், குழுவாக வழக்குப் போடும் உரிமையைப் பயணிகள் விட்டுக்கொடுப்பதாக டிக்கெட்டில் இருந்த விதி நியாயமற்றது, செல்லாது என்றது. அங்கே கப்பல் போனது, இங்கே பயணி போகவில்லை. ஆனால் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: புறப்படும் நாளில் என்ன தெரியும்? நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் அந்த அளவுகோல் பயணியைக் காக்கவும் வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பயணத் தொகுப்பு நெறியுறுத்தலின்படி, தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் சேருமிடத்தில் ஏற்பட்டு அது பயணத்தைப் பெரிதும் பாதிக்குமானால், பயணி புறப்படும் முன் அபராதமில்லாமல் விலகலாம். கட்டிய பணம் முழுவதும் 14 நாளுக்குள் திரும்ப வேண்டும். பிரிட்டனும் 2018இல் அதைத் தன் விதிகளாக்கிக்கொண்டது. அரசின் பயண எச்சரிக்கை அங்கே வலுவான சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம்மிடம் அப்படி ஒரு வரி இல்லை. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஊரடங்குக் கால விமானக் கட்டணங்களைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அது விமானங்களோடு நின்றுவிட்டது. கப்பல் பயணிக்கு மிஞ்சியது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், வழக்காடும் பொறுமையும்தான்.

இப்போது சென்னையிலிருந்தே உல்லாசக் கப்பல்கள் கிளம்புகின்றன. நோயென்றும் புயலென்றும் போரென்றும் எச்சரிக்கைகள் இனியும் வரும். போகலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பணம் கட்டும் முன், அரசு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ரசீதில் கட்டணத்தையும் வரியையும் சேவைத் தொகையையும் தனித்தனியாகப் போட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸில் எதற்குப் பணம் கிடைக்கும் என்ற பட்டியலுக்கு முன்னால், எதற்குக் கிடைக்காது என்பதைப் படியுங்கள். போவதில்லை என்று முடிவெடுத்தால் அன்றே காரணத்தோடு எழுதுங்கள். ஒரு நாள் தாமதமும் அறையை மறுபடி விற்கும் வாய்ப்பைக் குறைக்கும், உங்கள் வழக்கையும் குறைக்கும்.

இவையெல்லாம் தனிமனிதர் செய்துகொள்ளும் தற்காப்பு. இது போதாது. எச்சரிக்கை விடுவது அரசின் கடமை. அதன்படி நடப்பவர் நஷ்டப்படாமல் பார்ப்பதும் அந்தக் கடமையின் பகுதிதான். பணம் போய்விடுமே என்ற பயத்தில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் சன்னலில்லாத அறைக்குப் போனால், அந்த எச்சரிக்கையால் யாருக்குப் பயன்? நியாயமற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் பயண எச்சரிக்கை அமலில் இருக்கும்போது ரத்து செய்யும் பயணியிடம் நிரூபிக்கப்பட்ட செலவுக்கு மேல் பிடிக்கக்கூடாது, வரிகளையும் சேவைத் தொகையையும் உடனே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நெறியை அது எழுதினால் போதும். என் கட்சிக்காரர்கள் மூன்று ஆண்டு போராடிப் பெற்றதை, அடுத்து வருகிற பயணி வழக்கே போடாமல் பெறலாம்.